சீதனத்தில் போன மின்னஞ்சல் முகவரி

எனக்கு வருகிற கடிதத்தை நானே முதலில் பிரித்து வாசிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எங்கள் ஊரில் நகைக்கும் புடவைக்கும் வீட்டுக்கும் ஆசைப்பட்ட பெண்கள் எல்லாரும் எதையோ ஒன்றைப் பெற்றுக்கொண்டார்கள். நான் கேட்டது ஓர் உறையின் வாயைக் கிழிக்கிற உரிமை மட்டும். அது எவ்வளவு பெரிய பேராசை என்பது முப்பத்தேழு வயதில்தான் எனக்கு விளங்கியது.

தொண்ணூறில் மன்னார் எருக்கலம்பிட்டியை விட்டு முஸ்லிம்களான எங்களை இயக்கம் வெளியேற்றியபோது எனக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு இருபது வருடம் புத்தளத்தில் ஒரு முகாமில் இருந்தோம். ஓலைக் கொட்டிலில் தொடங்கித் தகரக் கூரை வரைக்கும் முன்னேறினோம். அங்கே வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. எல்லாருடைய கடிதமும் சந்தியில் இருந்த பலசரக்குக் கடையின் பெயருக்கு வரும். தபால்காரர் கட்டாகப் போட்டுவிட்டுப் போவார். கடைக்காரர் அரிசி நிறுத்துக்கொண்டே உறைகளைப் பிரிப்பார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது, யாரோ ஒருவர் வாசிக்கத்தானே வேண்டும். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று, நான் கணக்கியலில் தவறிவிட்டேன் என்பதை முதலில் அறிந்துகொண்டவர் மண்ணெண்ணெய் வாங்க வந்த ஒரு பெரியவர். இரண்டாவது ஆள் அவருக்குப் பின்னால் நின்றவர். நான் போய்ச் சேர்ந்தபோது மண்ணெண்ணெய் வரிசை முழுவதும் எனக்கு ஆறுதல் சொன்னது. ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாத பிள்ள, கணக்குப் படிச்சவங்களும் இஞ்சதானே கிடக்கிறாங்க" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் தலைமுறைக்குக் கடிதம் என்பது பொதுக் கிணறு. யாரும் வாளி விடலாம். கடிதத்தைப் பிரித்தவரிடம் "ஏன் பிரித்தாய்?" என்று கேட்டால், கேட்டவள்தான் எதையோ ஒளிக்கிறாள் என்று ஆகும். இந்தப் பழக்கத்தை முகாமிலேயே விட்டுவிட்டு வந்திருப்போம் என்று நினைத்தேன். பாயும் பானையும் போலப் பத்திரமாகக் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறோம்.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பினோம். வீடு இருந்த இடத்தில் உடைமரம் வளர்ந்திருந்தது. உம்மாவும் வாப்பாவும் தங்கையும் நானும் தகரக் கொட்டில் ஒன்று அடித்துக்கொண்டு இருந்தோம். தம்பி கத்தாருக்குப் போயிருந்தான். எனக்கு மன்னார் டவுனில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை கிடைத்தது. தட்டச்சு, போட்டோ பிரதி, லாமினேட். அந்த வருடங்களில் மன்னாரில் நன்றாக ஓடிய தொழில் மீன்பிடி அல்ல, போட்டோ பிரதிதான். திரும்பி வந்தவர்கள் தாங்கள் திரும்பி வந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. போனதை நிரூபித்தால்தான் வந்ததை நிரூபிக்கலாம் என்று ஓர் அரசாங்கக் கந்தோர் சொல்லும். போனதற்கு அத்தாட்சி போன இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்று இன்னொரு கந்தோர் சொல்லும். இரண்டுக்கும் நடுவில் நான் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த விண்ணப்பப் படிவங்களில் திடீரென்று ஒரு புதுக் கட்டம் முளைத்தது. மின்னஞ்சல் முகவரி. மின்சாரம் இல்லாத ஊருக்கு வந்து மின்னஞ்சல் கேட்டார்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால் படிவம் திரும்பி வரும் என்ற பயத்தில் சனங்கள் என்னிடம் வந்தார்கள். இலவசமாகக் கிடைக்கிற முகவரியில் ஆளுக்கொன்று திறந்து கொடுப்பேன். வலை பின்னுகிறவருக்கும் ஒன்று, ஆடு வளர்க்கிறவருக்கும் ஒன்று. அடுத்த கிழமையே கடவுச்சொல்லை மறந்துவிட்டு வருவார்கள். கடைசியில் ஒரு கொப்பியில் எல்லாருடைய கடவுச்சொல்லையும் எழுதி வைத்தேன். அதை நினைத்தால் எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது. பூட்டுச் செய்து விற்றவள் சாவியெல்லாம் தன் இடுப்பிலேயே வைத்திருந்தாள்.

தம்பி விடுமுறையில் வந்தபோது ஒரு யோசனையோடு வந்தான். அவன் வேலை செய்த கம்பனியில் தேநீர் ஊற்றுகிறவருக்குக்கூடக் கம்பனியின் பெயரில் முடிகிற முகவரி இருந்ததாம். "நம்மட குடும்பத்துக்கும் அப்பிடி ஒண்டு எடுப்பம் ராத்தா. டொமைன் எண்டு சொல்றது. வருஷத்துக்கு ஒருக்காக் காசு கட்டினாச் சரி. எல்லாருக்கும் ஆளுக்கொரு அட்ரஸ், முடிவு மட்டும் ஒண்டு." அவன் பெருமைக்காகச் சொன்னான். எனக்கு உள்ளே வேறு மணி அடித்தது. என் பெயருக்கு, என் பூட்டோடு, என் சாவியோடு ஒரு பெட்டி. நானே வேலையை ஏற்றுக்கொண்டேன்.

வாப்பாவுக்கு விளங்கப்படுத்த ஒரு மாலை முழுவதும் போனது. காணி என்று சொன்னால்தான் அவருக்கு ஏறும் என்று நினைத்து, இன்டநெட்டில் ஒரு காணி வாங்குகிறோம் என்றேன். அந்த ஒரு சொல்லுக்காக நான் பிறகு எவ்வளவு கட்டினேன் என்பது அல்லாஹ்வுக்குத் தெரியும்.

"எங்கட சொந்தக் காணிக்கே உறுதிப் பத்திரம் கேக்கிறாங்க," என்றார் வாப்பா. "இது எங்கட பேரில இருக்குமா?"

"இருக்கும் வாப்பா."

"ஆமி வந்து இருக்கமாட்டானே?"

"அங்க வரமாட்டான்."

"அப்ப எடு."

எங்கள் குடும்பத்துக்கு ஊரில் ஒரு பட்டப்பெயர் உண்டு. அதையே வைப்பது என்று முடிவு. தட்டிப் பார்த்தால் அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. ஏதோ ஒரு தேசத்தில் நாய்த் தீனி விற்கிறவர் அதை வைத்திருந்தார். வாப்பா கொதித்துப் போனார். "எங்கட பேர அவன் எப்பிடி எடுத்தான்? அடாத்தாப் பிடிச்சிருக்கானா?" நாங்கள் இல்லாத காலத்தில் எங்கள் ஊர்க் காணிகளில் யார் யாரோ குடியேறியிருந்த கதையெல்லாம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கிராம சேவகரிடம் ஒரு முறைப்பாடு கொடுக்கலாமா என்று கேட்டார். கடைசியில் பட்டப்பெயருக்குப் பின்னால் 'வீடு' என்று ஒட்டித் தேடினோம். அது கிடைத்தது. தம்பியின் கார்ட்டில் காசு கட்டினோம். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில், கணினி முன்னால் இருந்தவள் நான்தான் என்பதால், என் பெயரைப் போட்டேன்.

பெயர் வாங்கினால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தோம். அது பாதி வேலைதான். அந்தப் பெயருக்கு வருகிற அஞ்சலை எந்தப் பெட்டியில் போடுவது என்றும் எழுதிக்கொடுக்க வேண்டும். ஆளுக்கொரு பெட்டி என்றால் மாதாமாதம் ஆளுக்கொரு கட்டணம். நாங்கள் தகரத்துக்குள் இருந்தவர்கள். தேடித் தேடி, பெயரோடு இரண்டு பெட்டி சும்மா தருகிற ஓர் இடத்தைப் பிடித்தேன். முகவரி எத்தனையும் வைத்துக்கொள்ளலாம், பெட்டி இரண்டுதான். வாப்பா, உம்மா, தம்பி, தங்கை நால்வரின் முகவரிக்கு வருவதும் ஒரே பெட்டியில் விழும்படி செய்தேன். இரண்டாவது பெட்டியை எனக்கு வைத்துக்கொண்டேன். இது சுயநலம்தான். செய்தவள் நான், கூலி எடுத்துக்கொண்டேன்.

எல்லாம் எழுதிக்கொடுத்த பிறகு உலகம் முழுக்கத் தெரியவர இரண்டு நாள் ஆகலாம் என்று போட்டிருந்தது. வாப்பா அந்த இரண்டு நாளும் கடலுக்குப் போன வள்ளத்தைப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார். ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும், "தெரிஞ்சிட்டுதாமா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் கடையில் இருந்து எனக்கு நானே ஒரு கடிதம் அனுப்பினேன். 'அஸ்ஸலாமு அலைக்கும், சுகமா?' அவ்வளவுதான். அது வந்து விழுந்தது. வாசிக்காத கடிதம் கறுத்துத் தடித்து நிற்கும், திறந்தவுடன் மெலிந்துவிடும். நான் திறக்காமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. போட்டோ பிரதிக்கு நின்ற ஒருவர், "என்ன தங்கச்சி, நல்ல செய்தியா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

அந்தப் பெட்டியில் இருந்துதான் நான் அந்த விண்ணப்பத்தை அனுப்பினேன். ஒரு பயிற்சி நிறுவனம் மீள்குடியேறிய ஊர்களுக்குக் கணினி ஆசிரியர்களை உருவாக்கப் போவதாக விளம்பரம் செய்திருந்தது. கண்டியில் தங்கியிருந்து ஆறு மாதம் படிக்க வேண்டும், பிறகு மன்னார் பக்கத்திலேயே வேலை. நேர்முகத்துக்கு வவுனியாவுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். முடிவுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம், மின்னஞ்சலில் அறிவிப்போம் என்றார்கள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கிடைத்த பிறகு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வோம் என்று இருந்தேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது என் செய்தியை நான் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் தங்கைக்குக் கலியாணம் பேசினார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். எனக்கென்று இருந்த வீடு தொண்ணூறில் போனது. வீடில்லாத பெண்ணுக்கு வந்த பேச்சுகளும் ஒவ்வொன்றாகப் போயின. எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று எழுதினால் அது பொய், கொஞ்சம் இருக்கிறது. தங்கை முகாமில் பிறந்தவள். அவளுக்கு இருபது வயதாகும்போது ஊரும் திரும்பக் கிடைத்திருந்தது, வீட்டுத் திட்டமும் வந்திருந்தது. காலம் அவளுக்கு இசைந்து வந்தது. அவள்மேல் எனக்குப் பொறாமை வந்ததில்லை. அவளைத் தூக்கி வளர்த்தவள் நான்.

மாப்பிள்ளை வீட்டார் முசலிப் பக்கத்தில் இருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவர்தான் பேச்சாளர். கதிரையில் சாய்ந்துகொண்டு, "பிள்ளைட பேரில என்னென்ன இருக்கு?" என்று தொடங்கினார்.

"இருபது பேர்ச் காணி," என்றார் வாப்பா. "வீட்டுத் திட்டத்தில கட்டுப்படுற வீடு. கிணத்தில பங்கு. தென்னை ஒம்பது. அதில காய்க்கிறது மூண்டு."

பட்டியல் அதோடு முடிந்துவிட்டது. அடுத்ததாக நகையின் பேச்சு வரவேண்டும். நகையெல்லாம் ஊரை விட்டுப் போன அன்று வழியில் இயக்கத்திடம் கழற்றிக் கொடுத்தது. எல்லாரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது வாப்பாவைப் போட்டு நெருக்கியது.

"இன்டநெட்டிலயும் ஒரு காணி இருக்கு," என்றார்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தின பேர்ச்?"

வாப்பா என்னைப் பார்த்தார். "அதுக்கு அளவு இல்ல," என்றேன்.

"அளவில்லாத காணியோ! உறுதி இருக்கா?"

"ரசீது இருக்கு."

"ஆர்ட பேரில?"

"என்ட பேரில."

மாமா கோப்பையைக் கீழே வைத்தார். மூத்தவளின் பெயரில் இருப்பதை இளையவளுக்கு எப்படிக் கொடுப்பது, நாளைக்குப் பிரச்சினை வராதா, இப்படித்தானே முசலியில் ஒரு வழக்கு நடக்கிறது என்று அடுக்கிக்கொண்டு போனார். இது காணி இல்லை, கடிதம் வந்து விழுகிற ஒரு பெட்டி மட்டும்தான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். வாப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் தன் மகளுக்குக் கொடுக்க இன்னும் ஒன்று இருக்கிறது என்ற சந்தோசத்தில் இருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

"மாத்தி எழுதிக் குடுப்பம்," என்றார் வாப்பா.

சீதனப் பட்டியலை என்னிடமே தட்டச்சுக்குத் தந்தார்கள். கடையில் காணி உறுதிகள் தட்டிப் பழகிய கை. 'குடும்ப மின்னஞ்சல் தளம், சகல உரிமைகளுடனும்' என்று நானே என் விரலால் தட்டினேன். மரண தண்டனை எழுதிய நீதிபதி பேனையை முறிப்பாராம். நான் பேனைக்கும் செலவு வைக்காமல் முறைப்படி உரிமையாளர் பெயரை மாற்றி, தங்கையின் பெயரைப் போட்டு, தளத்தின் கடவுச்சொல்லையும் ஒப்படைத்து, ரசீதை அச்செடுத்து, லாமினேட்டும் செய்து கொடுத்தேன். இடம்பெயர்ந்த சனங்களுக்கு லாமினேட் செய்யாத காகிதத்தில் நம்பிக்கை கிடையாது. மாமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டி, பையில் வைத்துக்கொண்டார்.

ஒன்றை மட்டும் மாப்பிள்ளையிடம் கேட்டேன். "இரண்டாவது பெட்டி எனக்கு. அது அப்படியே இருக்கட்டும்." அவர் நெஞ்சில் கை வைத்தார். "உங்கட பெட்டி உங்களுக்குத்தான் ராத்தா."

நல்ல பிள்ளைதான். ஐந்து நேரமும் தொழுவார், குரலை உயர்த்திப் பேசமாட்டார், கறியில் உப்புக் குறைந்தால் சொல்லாமல் சாப்பிடுவார். புத்தளத்தில் கணினி வகுப்பு ஒன்றுக்கு மூன்று மாதம் போனவர். அரச வேலை ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார், அரசாங்கம் அவரை எதிர்பார்க்கவில்லை. பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குச் செய்வதற்கு ஏதாவது வேண்டும். வீட்டுக்குத் தலைவர் வாப்பா. அடுப்புக்கு உம்மா. கிணற்றடிக்குத் தங்கை. தலைமை காலியாக இருந்த ஒரே இடம் இன்டநெட். அவர் அதில் ஏறி அமர்ந்தார்.

அதற்குள் ஊருக்குக் கரண்ட் வந்திருந்தது. தம்பி அனுப்பிய மடிக்கணினியை மேசையில் வைத்துக் காலையில் எட்டரைக்கு உட்காருவார். கந்தோர் நேரம். எங்கள் முகவரிக்கு வருகிற எல்லாவற்றுக்கும் பதில் எழுதுவார். மெத்தை விற்கிற ஒரு கம்பனி விளம்பரம் அனுப்பியிருந்தது. 'தற்சமயம் எம்மிடம் போதிய பாய்கள் உள்ளன, தங்கள் அன்புக்கு நன்றி' என்று எழுதினார். வாப்பாவின் முகவரிக்குக் கடன் தருவதாக ஒன்று வந்தது. இஸ்லாத்தில் வட்டி ஏன் கூடாது என்று அவர்களுக்கு ஒன்றரைப் பக்கத்தில் விளக்கினார். இரவுச் சாப்பாட்டில் வாப்பாவுக்கு அறிக்கை வரும். "இண்டைக்கு அஞ்சு வந்தது மாமா. நாலுக்குப் பதில் போட்டாச்சு. ஒண்டு யோசிக்க வேண்டியது." வாப்பா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, மந்திரி சபையில் கேட்பது போல, "என்ன விசயம்?" என்பார். நான் சிரிப்பை அடக்கச் சோற்றைக் குனிந்து பார்ப்பேன். அந்தச் சிரிப்புக்கு நல்ல தண்டனை கிடைத்தது.

கொஞ்ச நாளில் என் பெட்டிக்கு வருகிற கடிதங்கள் மெலிந்து வரத் தொடங்கின. யாரோ எனக்கு முன்னே திறந்திருக்கிறார்கள். தங்கையிடம் கேட்டேன். "ரெண்டு பெட்டி எதுக்கு எண்டு இவர் ஒண்டாச் சேத்திட்டார் ராத்தா. சும்மா பாக்கிறவர். நம்மட வீட்டுக் கடிதம்தானே." அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அதைச் சொன்னாள். நான் உடனே சண்டை பிடித்திருக்க வேண்டும். அவள் அப்போது மசக்கையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். கண்டியில் இருந்து வரவேண்டிய கடிதத்துக்காக ஒவ்வொரு நாளும் கடையில் இருந்து திறந்து பார்ப்பேன். வரவில்லை.

ஒரு நாள் கடைக்கு அரிப்பு என்ற ஊரில் இருந்து ஒரு பெண் வந்தாள். கையில் ஒரு கடிதம். "மூண்டு பிரதி தாங்கோ அக்கா." கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும்போதுதான் தலைப்பைப் பார்த்தேன். அதே நிறுவனம், அதே பயிற்சி. தெரிவுக் கடிதம். "எப்ப வந்தது?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே நாள்தானாம். மூண்டு கிழமை இருக்கும். நாளைக்கு வெளிக்கிடுறன்." மூன்று பிரதி எடுத்தேன், ஒன்று சரிந்து போனது, திரும்ப எடுத்தேன். அவள் போன பிறகு பெட்டியைத் திறந்து, முன்னே ஒருநாளும் பார்க்காத இடமெல்லாம் பார்த்தேன். மாப்பிள்ளை உள்ளே ஒழுங்காக உறைகள் செய்து வைத்திருந்தார். 'வாழ்த்துகள்'. 'விளம்பரம்'. 'முடிந்த விடயங்கள்'. என் கடிதம் முடிந்த விடயங்களில் இருந்தது. தெரிவாகியிருக்கிறீர்கள், ஒரு கிழமைக்குள் உறுதிப்படுத்துங்கள் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே என் பதிலும் இருந்தது.

'தங்கள் கடிதம் கிடைத்தது. குடும்பச் சூழ்நிலை காரணமாக இப்பயிற்சியில் கலந்துகொள்ள இயலாமைக்கு மனம் வருந்துகிறேன். இவ்வாய்ப்பைத் தகுதியான வேறொருவருக்கு வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கீழே என் முழுப் பெயர். எழுத்துப் பிழை ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. நான் எழுதியிருந்தால்கூட அவ்வளவு பணிவு வந்திருக்காது.

வீட்டுக்குப் போனபோது உம்மா இறால் உடைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை மேசையில் இருந்தார். கேட்டேன். அவர் ஒளிக்கவும் இல்லை, தடுமாறவும் இல்லை.

"ஓம் ராத்தா, வந்தது. மாமிட்டக் கேட்டன். ஆறு மாசம் கண்டியில எப்பிடி எண்டு மாமி யோசிச்சா. மாமாவும் வேணாம் எண்டார். தம்பிக்கும் கோல் எடுத்துக் கேட்டன். அதுதான் மரியாதையா எழுதி விட்டன்."

"எல்லாரிட்டயும் கேட்டிருக்கிறீங்க. என்னட்ட?"

"சொல்ல இருந்தனான். அண்டைக்குக் கரண்ட் போயிட்டு. பிறகு மறந்திட்டன் ராத்தா."

நான் உம்மாவைப் பார்த்தேன். அவர் இறாலை விட்டுத் தலையை எடுக்கவில்லை. "அங்க போய் ஆறு மாசம் இருந்தா ஆர் உன்னப் பாக்கிறது?"

"எனக்கு முப்பத்தேழு வயசு உம்மா."

"அதுதான் நானும் சொல்றன்," என்றார்.

மூன்று கிழமை. கத்தாரில் இருக்கிறவனுக்குக்கூடத் தெரிந்திருந்தது. மூன்று கிழமையாக அவர்களோடு ஒரே சட்டியில் கறி எடுத்துச் சாப்பிட்டிருக்கிறேன். கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை, பக்கத்து வளவில் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது மட்டும் நினைவிருக்கிறது. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அவர் நிச்சயமாக வருந்தினார். தான் எழுதியதில் ஏதோ சொல் பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்.

அடுத்த நாள் வவுனியாவுக்குப் போனேன். கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வயல் அறுவடைக்கு நின்றது. பஸ்ஸில் வழி நெடுகப் பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது.

நேர்முகத்தில் இருந்த அதே அம்மாதான் கந்தோரில் இருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோப்பு ஒன்றை எடுத்து என் பதிலின் அச்சுப் பிரதியை மேசையில் வைத்தார். "எங்களுக்குப் பெரிய கவலை. உங்களைத்தான் முதலாவதாப் போட்டிருந்தனாங்கள்."

"இது நான் எழுதின கடிதம் இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கட மெயிலில இருந்துதானே வந்திருக்கு?"

"ஓம்."

"அப்ப உங்கட பேரில வேற ஆரோ எழுதியிருக்கினம். அது சின்ன விசயம் இல்லை. நீங்கள் ஒரு முறைப்பாடு எழுதித் தாங்கோ. அந்த மெயில் ஆர்ட பேரில பதிஞ்சிருக்கு எண்டு நாங்கள் கேட்டெடுப்பம். பொலிசுக்கும் அறிவிக்க வேணும்."

வெள்ளைத் தாள் ஒன்றை என் பக்கம் தள்ளினார். அது யாருடைய பெயரில் பதிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? மாற்றி எழுதியவளே நான்தானே. தங்கைக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். பொலிஸ் ஜீப் எங்கள் ஒழுங்கைக்குள் வருவதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன்.

"இல்ல அம்மா. நான்தான் எழுதினன்," என்றேன். "இப்ப மனம் மாறிட்டன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நம்பவில்லை என்பது தெரிந்தது. என்றாலும் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இந்த முறை இடம் நிரம்பிவிட்டது, வருகிற வருடம் இன்னொரு தொகுதி எடுப்போம், பெயரை இப்போதே பதிந்துவிடலாம், நேர்முகம் தேவையில்லை, இடம் கிடைத்ததும் அறிவிப்போம் என்றார். புதுப் படிவம் ஒன்றை எடுத்து என் பெயரை எழுதினார். அடையாள அட்டை இலக்கத்தை எழுதினார்.

"அறிவிக்கிறதுக்கு அந்த மெயில்தானே?"

"அது வேண்டாம்."

"அப்ப வீட்டு விலாசம் சொல்லுங்கோ. தபாலில போடுவம்."

வீட்டு விலாசம். தபால்காரர் படலையில் மணி அடித்தால் யார் எழும்பிப் போய் வாங்குவார் என்று யோசித்தேன்.

"அதுவும் வேண்டாம்."

"போன் நம்பர்?"

வீட்டில் அப்போது ஒரு போன்தான் இருந்தது. அது யாருடைய சட்டைப் பையில் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. கடை நம்பரைக் கொடுக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கடை முதலாளி என் வாப்பாவோடு ஒரே பள்ளியில் தொழுகிறவர். அந்த அம்மாவின் பேனை படிவத்துக்கு மேலே நின்றது. எனக்குப் பின்னால் கதிரைகளில் ஆட்கள் காத்திருந்தார்கள். இந்த உலகத்தில் எனக்கென்று ஒரு கடிதம் வந்து சேரக்கூடிய ஓர் இடத்தை நான் தேடிக்கொண்டிருந்தேன்.

"நானே வந்து கேட்டுக்கொள்றன்," என்றேன்.

"ஒவ்வொரு முறையும் மன்னாரில இருந்தோ?"

"ஓம்."

அவர் விலாசம் என்று இருந்த கட்டத்தில் சிறியதாக ஒரு கோடு போட்டார்.